தொற்றுக் காலத்துல பொது டாய்லெட்ட பூட்டணுமா, திறந்து வைக்கணுமா? ரெண்டையும் செஞ்சு பாத்த அனுபவம்

2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு அறிவிச்ச கொஞ்ச நாள்லயே நாங்க எடுத்த முடிவுகள்ல ஒண்ணு, டாய்லெட்ட பூட்டறது. பஸ் நிக்கற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற சின்ன பொதுக் கழிப்பறை அது, ஆண்கள் பக்கம் மூணு, பெண்கள் பக்கம் மூணு, அதோட பராமரிப்ப பாத்துக்கற குழுவுல நானும் ஒருத்தன். பூட்டணும்னு கை தூக்கினவங்கள்ல நானும் உண்டு. ஆறேழு வாரம் பூட்டியே கெடந்துச்சு, அப்புறம் திறந்தோம், அடுத்தடுத்து வந்த அலைகள்ல ஒரு நாள் கூட பூட்டல. ரெண்டையும் செஞ்சு பாத்ததுல நான் இப்ப திறந்து வைக்கற பக்கம்தான் நிக்கறேன், அத முதல்லயே சொல்லிடறேன்.

பூட்டறவங்க சொல்ற காரணத்த முதல்ல பாப்போம், ஏன்னா அது வெறும் பயம் இல்ல. டாய்லெட்ட ஃப்ளஷ் பண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத துளிங்க மேல கிளம்பும். 2022ல கொலராடோ பல்கலைக்கழகத்துல பச்சை லேசர் வெளிச்சத்துல இத வீடியோவே எடுத்துக் காட்டினாங்க, மூடி இல்லாத டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணின எட்டு செகண்டுக்குள்ள துளிங்க ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் போயிடுது, அதாவது நிக்கற ஆளோட மூஞ்சி உயரம். நோயாளிகளோட மலத்துல கொரோனா வைரஸோட மரபணு இருந்ததும் ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு. பிளாஸ்டிக், ஸ்டீல் மேல அந்த வைரஸ் ரெண்டு மூணு நாள் வரைக்கும் தாக்குப் பிடிக்கும்னு 2020 மார்ச்லயே ஒரு ஆய்வு வந்துச்சு. தாழ்ப்பாள், குழாய், ஃப்ளஷ் கைப்பிடி எல்லாமே பிளாஸ்டிக்கும் ஸ்டீலும்தான். அந்த லேசர் வீடியோ மட்டும் பின்னாடி வந்தது, மத்தபடி அன்னைக்கு எங்க கையில இருந்த தகவல் இவ்வளவுதான், அத வச்சு பூட்டினத நான் இப்பவும் முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் வந்த தகவல் வேற மாதிரி இருந்துச்சு. மலத்துல மரபணு இருக்கு, ஆனா அதுலேருந்து அடுத்தவங்களுக்குத் தொத்தற நிலையில உயிரோட வைரஸ் கிடைச்சது ரொம்ப அபூர்வம். தொட்ட பொருள் வழியா ஒரு தடவைக்குத் தொத்தற வாய்ப்பு பொதுவா பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கம்மின்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 ஏப்ரல்ல சொல்லிடுச்சு. அதே வருஷம் ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்து ஆளுங்க பொதுக் கழிப்பறைகள் பத்தி பல நாட்டு ஆய்வுகள ஒண்ணாச் சேத்து அலசினாங்க. நுண்கிருமி மேற்பரப்புல இருக்கு, காத்துல இருக்கு, ஆனா பொதுக் கழிப்பறையிலேருந்து காத்து வழியா கொரோனா பரவினதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு முடிவு. யோசிச்சா புரியுது, உள்ள ஒருத்தர் இருக்கறது ரெண்டு மூணு நிமிஷம், யாரும் பேசறதில்ல, பாடறதில்ல, சாப்பிடறதில்ல. பரவினது பெரும்பாலும் மூடின ரூம்ல மணிக்கணக்கா உக்காந்து பேசின எடத்துலதான். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒழுங்கா இருக்கணும்ங்கறது முக்கியம், அந்த விஷயத்துக்குப் பின்னாடி வரேன்.

யாருக்கெல்லாம் தேவைங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். டிரைவர்ங்க, டெலிவரி பண்றவங்க, துப்புரவுப் பணியாளர்ங்க, போலீஸ், கர்ப்பிணிங்க, சர்க்கரை வியாதிக்காரங்க, ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கறவங்க, குடல் அழற்சி உள்ளவங்க, வீடே இல்லாதவங்க. ஊரடங்குல கடை, ஆபீஸ், ஹோட்டல் எல்லாம் மூடிட்டதால வழக்கமா உள்ள போய் கேட்டு போற இடமும் கெடையாது, அதனால பொது டாய்லெட்டோட தேவை கூடும்போதுதான் நாம அத பூட்டறோம். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம் 2020 மார்ச்ல நெடுஞ்சாலை ஓய்விடங்கள மொத்தமா மூடிச்சு, லாரி டிரைவர்ங்க சத்தம் போட்டதும் சில நாள்லயே ஒரு பகுதிய திறந்து விட்டாங்க. மருந்தும் மளிகையும் ஏத்திட்டு வர்றவங்களுக்கு ஒதுங்க இடம் இல்லன்னா சரக்கு எப்படி வரும்? பிரிட்டன்ல ராயல் சொசைட்டி ஃபார் பப்ளிக் ஹெல்த்ங்கற அமைப்பு தொற்றுக்கு முன்னாடி 2019லயே ஒரு அறிக்கை போட்டுச்சு, வெளிய டாய்லெட் கிடைக்காதோங்கற கவலையில பாதிக்கு மேல ஜனங்க தண்ணி குடிக்கறதயே கொறைச்சுக்கறாங்கன்னு. சாதாரண நாள்லயே அப்படின்னா மத்தத நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இன்னொண்ணு எங்க குழுவுல யாருக்குமே அன்னைக்குத் தோணல. டாய்லெட்ட பூட்டினா கூடவே கை கழுவற குழாயும் சோப்பும் பூட்டிப் போயிடுது. இருபது செகண்ட் சோப்பு போட்டு கை கழுவுங்கன்னு ஒரு பக்கம் போஸ்டர் ஒட்டறோம், அந்தத் தெருவுல இருந்த ஒரே குழாய பூட்டறோம். இதுல என்ன ஆபத்துன்னு அமெரிக்காவுல இருக்கற சான் டியாகோ நகரத்துக்கு ஏற்கனவே தெரியும். 2016 கடைசியில அங்க மலம் வழியா பரவற ஹெபடைட்டிஸ் ஏங்கற கல்லீரல் நோய் பரவ ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட 600 பேருக்கு வந்து 20 பேர் செத்துப் போனாங்க, பாதிக்கப்பட்டதுல நெறைய பேர் வீடில்லாதவங்க. கழிப்பறையும் கை கழுவ இடமும் போதாம இருந்தது ஒரு பெரிய காரணம். தடுப்பூசியோட சேத்து அவங்க செஞ்சது, ராத்திரி பகலா திறந்திருக்கற டாய்லெட்டும் கை கழுவற தொட்டியும் கொண்டு வந்து வச்சதுதான். ஒரு நோய்க்குப் பயந்து பூட்டற கதவு இன்னொரு நோய்க்கு வழி விடும்.

இப்ப என்னைய மாத்தின விஷயத்துக்கு வரேன், பராமரிப்பு. பூட்டிட்டா செலவும் மிச்சம் வேலையும் மிச்சம்னு நெனச்சோம், பூட்டணும்னு சொன்ன பாதிப் பேருக்கு உள்ளூர இதுதான் காரணம், எனக்கும்தான். ஆனா கழிப்பறைங்கறது பூட்டி வச்சா அப்படியே இருக்கற பொருள் இல்ல, தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாதான் அது நல்லா இருக்கும்.

ஆறேழு வாரம் கழிச்சு கதவ திறந்தப்போ சாக்கடை நாத்தம் மூஞ்சியில அடிச்சது. யாருமே போகாத டாய்லெட் எப்படி நாறும்? பிளம்பர் வந்து ஃப்ளோர் ட்ராப்ப காட்டி விளக்கினாரு. தரையில இருக்கற ஓட்டைக்குக் கீழயும் வாஷ் பேசின் கீழயும் குழாய் வளைஞ்சு இருக்கும், அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், பொதுவா அஞ்சு சென்டிமீட்டர் அளவு. சாக்கடைக் காத்து உள்ள வராம தடுக்கறது அந்தத் தண்ணி மட்டும்தான். தெனமும் ஆளுங்க வந்து போனா அது நிரம்பிட்டே இருக்கும், பூட்டி வச்சா சில வாரத்துல காஞ்சு போயிடும், வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம். காஞ்சதும் சாக்கடையில இருக்கற அத்தனையும் அந்த ஓட்டை வழியா மேல வரும், நாத்தம், கரப்பான், எல்லாம்.

நாத்தத்தோட போச்சுன்னா பரவாயில்ல. 2003ல சார்ஸ் வந்தப்போ ஹாங்காங்ல அமோய் கார்டன்ஸ்னு ஒரு அடுக்குமாடி குடியிருப்புல 300க்கும் மேல ஆளுங்களுக்கு நோய் வந்துச்சு, 42 பேர் இறந்தாங்க. வயித்துப்போக்கோட வந்த ஒரு நோயாளி அங்க ஒரு வீட்டு டாய்லெட்ட பயன்படுத்தியிருக்காரு. விசாரிச்சப்போ கிடைச்ச முக்கியமான விடைகள்ல ஒண்ணு, பல வீட்டு பாத்ரூம் தரையில இருந்த யூ-ட்ராப்புல தண்ணி காஞ்சிருந்துச்சு, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் குழாய்க்குள்ள இருந்த கிருமித் துளிங்கள வீட்டுக்குள்ள இழுத்துடுச்சு. சார்ஸும் கொரோனாவும் ஒரே குடும்பத்து வைரஸ். அதப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா பாதுகாப்புன்னு நெனச்சு நாங்க செஞ்சது, எங்க ஆறு டாய்லெட்டோட ட்ராப்பையும் காய விட்டது.

குழாயில தேங்கின தண்ணியும் ஒரு பிரச்சனை. வெதுவெதுப்பா தேங்கி நிக்கற தண்ணியில லெஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியா வளரும், அந்தத் தண்ணி துளியா தெறிக்கும்போது மூச்சு வழியா உள்ள போனா நிமோனியா வரும். 1976ல பிலடெல்பியாவுல ஒரு மாநாட்டுக்கு வந்தவங்களுக்கு வந்துதான் அந்த நோயே வெளி உலகத்துக்குத் தெரிஞ்சது. 2020ல ரொம்ப நாள் பூட்டின கட்டடங்கள திறக்கறவங்களுக்கு சிடிசி குடுத்த எச்சரிக்கையில இதுவும் இருந்துச்சு. இது போதாதுன்னு எங்களுக்கு ரெண்டு ஃப்ளஷ் டேங்க் வால்வ் இறுகிப் போச்சு, ஒரு குழாய் வாஷர் காஞ்சு ஒழுக ஆரம்பிச்சது. பூட்டி மிச்சம் பிடிச்ச காசுல பெரும்பகுதி ரிப்பேருக்கே போச்சு.

வெளிப்பக்கம் இன்னும் மோசம். எங்க டாய்லெட்ட கழுவற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, பூட்டின பத்தாவது நாளே வந்து சொன்னாங்க, "சார், முன்னாடி உள்ள கழுவுவேன், கையெட்டற தூரத்துல தண்ணி இருக்கும். இப்ப பின்னாடி செவுத்தோரம் கழுவறேன், பக்கெட்ட தூக்கிட்டு நடக்க வேண்டியிருக்கு, நாத்தமும் போகல." நாங்க யோசிக்காம விட்டது இதத்தான். பூட்டினதால யாரும் போறத நிறுத்தல. முன்னாடி டைல்ஸ் மேல, ட்ரெயினேஜோட, பிளீச் போட்டுக் கழுவக்கூடிய இடத்துல இருந்த அசுத்தம் இப்ப மண்ணுல, வெறும் செவுத்துல, ஆளுங்க நடக்கற பாதையோரத்துல. பொம்பளைங்களுக்கு அந்த செவுத்தோரமும் கெடையாது, அடக்கிக்கிட்டாங்க, தண்ணி குடிக்காம இருந்தாங்க, அதுல வர்ற நீர்க்கடுப்பும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் எந்தக் கொரோனா கணக்குலயும் வராது.

திறந்து வைக்கறதுலயும் ஒரு பெரிய கஷ்டம் இருக்கு, கழுவறவங்களோட பாதுகாப்பு. பூட்டணும்ங்கற பக்கத்துல நான் மதிக்கற ஒரே வாதம் இதுதான். நாள் முழுக்க உள்ள நிக்கறது அவங்கதான், மத்தவங்க வந்து போறவங்க. நல்ல மாஸ்க், கிளவுஸ், பூட்ஸ், நோய் வந்தா சம்பளத்தோட லீவு, இதெல்லாம் குடுக்க முடியாதுன்னா திறக்கறத பத்தி பேசவே நமக்கு உரிமை இல்ல. நாங்க திறந்தப்போ முதல்ல அக்காகிட்ட உக்காந்து பேசினோம், அவங்க கேட்டது ரெண்டே விஷயம், கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து காத்து போன பிறகுதான் உள்ள போவேன், ஆசிட் வேண்டாம். ரெண்டும் ரொம்பச் சரியான கோரிக்கை. மணிக்கு ஆறு தடவை காத்து மாறற ரூம்ல காத்துல இருக்கற துகள் 99 சதவீதம் வெளிய போக 46 நிமிஷம் ஆகும், பன்னெண்டு தடவை மாறினா 23 நிமிஷம். அதனால ஃபேன் வாங்கின காசு வீண் இல்ல. ஆசிட் விஷயம் அதவிட முக்கியம், பிளீச் போட்ட எடத்துல ஆசிட்டும் பட்டா குளோரின் வாயு கிளம்பும், காத்தோட்டம் இல்லாத ரூம்ல அது ஆளையே சாய்ச்சிடும். அஞ்சு சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி, அதான் 0.1 சதவீதம், உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. முதல்ல சோப்பு போட்டு அழுக்கெடுத்துட்டு, அப்புறம் இத தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு கழுவணும், அழுக்கு மேலயே ஊத்தினா வேலை செய்யாது. தெனமும் புதுசா கலக்கணும், நேத்து கலந்ததுக்கு வீரியம் இருக்காது.

பாதி திறக்கற வழியும் ஒண்ணு உண்டு, காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம், இல்லன்னா ஒண்ணு விட்டு ஒண்ணு கதவ பூட்டறது. ரெண்டாவத நாங்க ஒரு வாரம் செஞ்சு பாத்தோம். மூணுல நடுவுல இருந்தத பூட்டினதும் உள்ள க்யூ நின்னுச்சு, நாங்க பயந்ததே காத்தோட்டம் இல்லாத எடத்துல கூட்டம் சேர்றதுக்குத்தான், அத நாங்களே உண்டாக்கிட்டோம். மூணையும் திறந்துட்டு, க்யூவ வெளிய வெட்டவெளியில நிறுத்தி, உள்ள மூணு பேருக்கு மேல விடாம பாத்துக்கிட்டது நல்லா வேலை செஞ்சது. நேரம் குறைக்கறதும் இதே கதையாத்தான் முடியும்னு நெனைக்கறேன், நாங்க செஞ்சு பாக்கல.

எங்களோடது ஜன்னல் வச்ச ஆறு டாய்லெட் கட்டடம்ங்கறத மனசுல வச்சுக்கோங்க. சுரங்கப்பாதைக்குள்ள ஜன்னலே இல்லாம இருக்கற டாய்லெட், பெரிய ரயில் நிலையத்துல நாளுக்கு ஆயிரக்கணக்குல ஆளுங்க வர்ற டாய்லெட், இதையெல்லாம் நான் நடத்தினது இல்ல. ஃபேனே ஓடாத அறைய திறங்கன்னு சொல்ல எனக்கு தைரியம் கெடையாது, அங்க தற்காலிக டாய்லெட்ட வெளிய கொண்டு வந்து வைக்கறதுதான் சரின்னு படுது. அடுத்து வர்ற தொற்று கொரோனா மாதிரியே இருக்கும்னும் இல்ல. காலரா மாதிரி மலம் வழியா பரவறதா இருந்தா (1961ல ஆரம்பிச்ச ஏழாவது காலரா பெருந்தொற்றே இன்னும் ஓயல), அப்ப டாய்லெட்ட பூட்டறது நேரா தண்ணியில நோயக் கலக்கற மாதிரி. வாந்தியும் வயித்துப்போக்கும் உண்டாக்கற நோரோவைரஸ் மாதிரி ஒண்ணா இருந்தா சானிடைசர் பாட்டில் சரியா கை குடுக்காது, சோப்பும் ஓடற தண்ணியும்தான் வேணும்.

இத்தனைக்கு அப்புறமும் பூட்டியே ஆகணும்னு மேலேருந்து உத்தரவு வந்தா, வாரம் ஒரு தடவையாவது ஒருத்தர் உள்ள போய் ஒவ்வொரு டாய்லெட்டையும் ஃப்ளஷ் பண்ணி, ஒவ்வொரு தரை ஓட்டையிலயும் ஒரு மக்கு தண்ணி ஊத்தி, எல்லா குழாயையும் திறந்து விட்டுட்டு வரணும். வாரா வாரம் போக முடியாதுன்னா ட்ராப்புல தண்ணி ஊத்தினதுக்கு மேல ரெண்டு மூணு ஸ்பூன் எண்ணெய் விடுங்க, தண்ணி ஆவியாகறது குறையும். திறக்கற அன்னைக்கு முதல்ல ஜன்னல திறந்து, மாஸ்க் போட்டுக்கிட்டு, தண்ணி தெறிக்காம மெதுவா குழாய்ங்கள ஓட விட்டு, அப்புறம் ஆளுங்கள விடுங்க. அப்புறம், பூட்டின கதவுல வெறுமனே "மூடப்பட்டுள்ளது"ன்னு மட்டும் எழுதாதீங்க, பக்கத்துல திறந்திருக்கற டாய்லெட் எங்க இருக்கு, நடந்தா எத்தனை நிமிஷம் ஆகும்ங்கறதையும் சேத்து எழுதி ஒட்டுங்க.