கப்பல் சுற்றுலா: யாருக்கு எது ஒத்துவரும்?

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் பலரும் நீச்சல் குளம் எத்தனை, உணவகம் எத்தனை என்றுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். பெரிய கப்பல் எதுவானாலும் அதெல்லாம் இருக்கும். அடிக்கடி போய்வருகிறவர்கள் பார்ப்பது வேறு மூன்று: கடலிலேயே கழியும் நாள் எத்தனை, கரையில் கிடைக்கும் நேரம் எவ்வளவு, கேபின் எந்த டெக்கில் (கப்பலின் மாடியில்) எந்தப் பக்கம்.

அதிகம் ஏமாறுவது ஊர் பார்க்கும் ஆசையில் ஏறுகிறவர்கள். அட்டவணையில் ‘ரோம், காலை 7 – மாலை 6’ என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிடவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கி.மீ. கப்பலைக் கட்டி, அனுமதி வாங்கி, இறங்கவிட 7:45 ஆகிவிடும். ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடித்து நகருக்குள் நுழையும்போது மணி 9:30. திரும்பும்போது, கப்பல் கிளம்ப அரை மணி நேரம் முன்பாவது ஏறியிருக்க வேண்டும். ரயில் தாமதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 2:45-க்கே ரோமை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பதினொரு மணி நேரம் என்று அச்சடித்த நாளில் கையில் நிற்பது ஐந்தேகால் மணி நேரம். ‘பாரிஸ்’ என்று போட்டு ல ஆவ்ர் துறைமுகத்தில் நிறுத்துவார்கள், அது 200 கி.மீ. தள்ளி. ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே துறைமுகம். ஒரு வழி ரயில் பயணத்துக்கே மூன்று மணி நேரம் போய்விடும். அந்த அலைச்சலைவிட, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரோஸ்டாக் நகரை நிதானமாகச் சுற்றுவது எவ்வளவோ மேல்.

அட்டவணையில் ‘டெண்டர்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கப்பல் கரைக்கு வராமல் நங்கூரமிட்டு நிற்கும், சிறு படகில் கொண்டுபோய் விடுவார்கள் என்று அர்த்தம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்கியவர்களுக்கே முதல் படகுகள். தனியாகப் போகிறவர் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். அலை எழுந்தால் முதலில் ரத்தாவதும் இந்த நிறுத்தங்கள்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர்களைப் பல இடங்களில் படகில் ஏற்றவே மாட்டார்கள். அதனால் முட்டியில் வலி உள்ளவர்களும் டெண்டர் இல்லாத பாதையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. கரையில் போனை நம்ப வேண்டாம்: அது உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் ஓடுவதோ கப்பல் நேரப்படி. ஒரு மணி நேர வித்தியாசத்தில் கப்பலைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. கையில் ஒரு சாதாரண வாட்ச் போதும்.

விலங்கு, பறவை, பனிப்பாறை என்று போகிறவர்களுக்கு ஆள் எண்ணிக்கைதான் எல்லாம். கலாபகஸ் தீவுகளில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை; ஒரு வழிகாட்டியுடன் 16 பேர். அண்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே சமயம் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே முடியாது, கடலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 200 பேர் கப்பல் என்றால் பாதிப் பேர் இறங்க, மீதிப் பேர் முறை வரும்வரை ரப்பர் படகில் சுற்றுவார்கள் அல்லது கப்பலில் காத்திருப்பார்கள். விலை குறைவாகத் தெரிகிற பெரிய கப்பலில் நீங்கள் இழப்பது இதைத்தான். அலாஸ்காவின் கிளேசியர் பே வேறு கதை. அங்கே யாரும் இறங்குவதில்லை, பூங்கா ரேஞ்சர்கள் கப்பலுக்கே ஏறிவந்து விளக்குவார்கள். பனிப்பாறைக்கு முன்னால் கப்பலையே மெதுவாகத் திருப்புவதால் இடப் பக்கக் கேபினா வலப் பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகமும் அமைதியும் போதும் என்பவர்களுக்குக் கடல் நாள்தான் வரம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும். அந்தப் பயணங்களில் ஐந்தாறு நாள் கரையே தெரியாது, கட்டணமும் குறைவு. அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடந்தால் பல இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், கூடுதல் தூக்கம் லாபம். ஆனால் கேபின் தப்பாக அமைந்தால் அத்தனையும் வீண். நீச்சல் குள டெக்குக்கு நேர்கீழே எடுத்தால் விடிவதற்குள் தலைக்குமேல் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். அரங்குக்கு மேலே எடுத்தால் நள்ளிரவுவரை டிரம்ஸ். டெக் வரைபடத்தில் மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற இடமாகப் பாருங்கள்.

குமட்டல் வருகிறவர்களுக்கும் கேபின்தான் மருந்து: கப்பலின் நடுப்பகுதி, கீழ் டெக். மேலே போகப்போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். முன்முனையிலும் பின்முனையிலும் ஏறி இறங்குவது அதிகம். மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் விதிகளைப் படிக்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும்; சமுத்திரம் கடக்கும் பயணத்துக்கு 12 மாதம். குழந்தைகள் கிளப்பில் சேர்ப்பது வழக்கமாக 3 வயதிலிருந்து, அதுவும் டயப்பர் விட்டிருந்தால். டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கவும் பல கப்பல்களில் விடமாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு ‘குடும்பக் கப்பல்’ என்று ஏறினால் பாதி வசதி உங்களுக்கு இல்லை.

தனியாகப் போகிறவருக்குச் செலவில்தான் அடி: கேபின் இருவர் கணக்கில் விற்கப்படுவதால் பல சமயம் இரண்டு பேர் கட்டணம். 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பல் ஒருவருக்கான 128 சிறு கேபின்களையும் அவர்களுக்கென்றே ஒரு லவுஞ்சையும் வைத்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் இதைச் செய்யத் தொடங்கின. கேபின் சுமார் 9 சதுர மீட்டர்தான், கடல் பார்க்கும் ஜன்னல் கிடையாது. தூங்க மட்டும் அறைக்கு வருகிறவருக்கு அது போதும். எண்ணிக்கை குறைவு என்பதால் முதலில் தீர்வதும் இவைதான். கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நகரத்தை இரவில் பார்த்தால்தான் திருப்தி என்பவர்களுக்கு இந்த வகைச் சுற்றுலாவே பெரும்பாலும் சரிப்படாது, இருட்டும்போது கப்பல் கிளம்பியிருக்கும். பிடிவாதமாகப் போக நினைத்தால், ஒரு துறைமுகத்திலாவது இரவு தங்கி மறுநாள் கிளம்பும் பாதையைத் தேடுங்கள். அட்டவணையில் அந்த ஊருக்கு அன்றைக்குப் புறப்படும் நேரமே போட்டிருக்காது.