வயர்லெஸ் சொட்டுநீர் செட்: தொட்டவுடன் திறக்காது, ஆனாலும் வாங்கலாம்

உடுமலை–பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. சொட்டுநீர் அரசு மானியத்தில் போட்டது. வால்வுகளை முறை வைத்துத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். ராத்திரியில் த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் டார்ச்சோடு கிளம்ப வேண்டும், பாம்பு பயம் வேறு. கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சிக்குப் போனபோது, மோட்டாரையும் வால்வுகளையும் போனிலிருந்தே இயக்கும் இந்த மாதிரி செட்டுகளைப் பார்த்தேன். அப்புறம் நாலு இடத்தில் விசாரித்து ஒன்றை வாங்கினேன். விலை ஒரு நல்ல கறவை மாட்டு விலைக்குக் கொஞ்சம் கூட. ஒரு கோடை, ஒரு ஆடிக்காற்று இரண்டையும் தாண்டியாயிற்று.

பம்ப் ரூம் கூரையில் ஆன்டெனாவோடு ஒரு கேட்வே, அதாவது போனுக்கும் வால்வுகளுக்கும் நடுவே செய்தி கடத்தும் பெட்டி, அதற்குள் சிம். ஸ்டார்ட்டரோடு இணைத்த மோட்டார் கன்ட்ரோலர் ஒன்று. தோப்புக்குள் ஆங்காங்கே பேட்டரியில் ஓடும் வால்வு பெட்டிகள். இவை தங்களுக்குள் 865–867 மெகாஹெர்ட்ஸில் லோரா என்ற, குறைந்த கரண்டில் வெகுதூரம் எட்டும் ரேடியோ மூலம் பேசிக்கொள்கின்றன. இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.

"போனில் தொட்டவுடன் திறந்துடும்ங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். மோட்டாருக்கு அது உண்மை. வால்வுக்கு இல்லை. எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முதல் நாளே, "ஏனுங் அம்மணி, பட்டனை அமுக்குனா தண்ணி வரோணும், இதென்ன மஞ்சக் கலரு காட்டீட்டு நிக்குது?" என்றார். அந்த மஞ்சளுக்குக் காரணம் இருக்கிறது, விற்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மோட்டார் பெட்டிக்கு லைன் கரண்ட் இருப்பதால் அது எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். லோரா கருவிகள் பேசிக்கொள்வதற்கான லோராவான் விதிகளில் இதற்கு கிளாஸ் சி என்று பெயர். வால்வு பெட்டிக்குள் இருப்பதோ ஒரே ஒரு 3.6 வோல்ட் லித்தியம் செல். ரேடியோவை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் அது தாங்காது. அதனால் வால்வு பெரும்பாலும் தூங்குகிறது. விழிக்கும்போது தன் நிலையை ஒரு சின்னச் செய்தியாக அனுப்பும். அனுப்பிய ஒரு செகண்ட் கழித்துக் காதைத் திறக்கும், அதற்கடுத்த செகண்டில் இன்னொரு முறை. நமக்கென்று ஏதும் இல்லையென்றால் மறுபடி தூக்கம். இது கிளாஸ் ஏ. நாம் போனில் கொடுத்த உத்தரவு, வால்வு விழிக்கும்வரை கேட்வேயில் காத்திருக்கும். அதுவரைதான் ஆப்பில் அந்த மஞ்சள். எங்கள் செட்டில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விழிக்கிறது. தென்னைக்கு மணிக்கணக்கில் தண்ணி விடுபவர்களுக்குப் பத்து நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை. பசுமைக்குடில், நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பம்ப் ரூமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வால்வின் செல், தோப்புக் கடைசியில் இருப்பதற்குச் சமமாக இறங்கிக்கொண்டே வந்தது. சர்வீஸுக்கு வந்த தம்பி லேப்டாப்பில் காட்டினார்: எல்லா வால்வும் எஸ்எஃப் 12-இல் பேசிக்கொண்டிருக்கின்றன. எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) என்பது லோராவில் தூரத்தையும் வேகத்தையும் தீர்மானிக்கும் எண், 7 முதல் 12 வரை வைக்கலாம். எண் கூடக் கூட வெகுதூரம் எட்டும், ஆனால் வேகம் குறையும். எஸ்எஃப் 7-இல் செகண்டுக்கு 5,000 பிட்டுக்கு மேல் போகும், 12-இல் 250 தான். இத்துணூண்டு நிலைச்செய்தி 7-இல் 60 மில்லி செகண்டுக்குள் முடியும். அதே செய்திக்கு 12-இல் ஒன்றரை செகண்ட் ரேடியோ எரிய வேண்டும். மட்டைகளைத் தாண்டிக் கடைசி வால்வுக்குத் தேவைப்படுவதை, கைக்கெட்டும் தூரத்து வால்வுக்கும் போட்டு அனுப்பிவிட்டார்கள். சிக்னலைப் பார்த்து ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியே வேகத்தைச் சொல்லித்தரும் ஏடிஆர் என்ற வசதி செட்டிலேயே இருக்கிறது, கம்பெனியில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். தம்பி ஆன் செய்துவிட்டுப் போனார். கிட்ட இருக்கும் வால்வுகளில் பேட்டரி அளவு அதற்கப்புறம் அசையவே இல்லை.

இன்னொரு குறை சாஃப்ட்வேரில். மஞ்சள் நிற்கிறதே என்று பொறுமையிழந்து திற, மூடு, திற என்று மாற்றி மாற்றி அமுக்கினால் மூன்றும் வரிசையில் நிற்கும். வால்வு ஒருமுறை விழித்தால் ஒரு உத்தரவைத்தான் வாங்கும். ஆக திறந்து, பத்து நிமிஷத்தில் மூடி, அடுத்த பத்தில் மறுபடி திறக்கும். கடைசி உத்தரவை வைத்துக்கொண்டு பழையதை அழிப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு முறை அப்டேட் வந்தும் செய்யவில்லை.

நன்றாகச் செய்திருப்பது மோட்டாரும் வால்வும் சேரும் இடம். ஏதாவது ஒரு வால்வாவது "திறந்துவிட்டேன்" என்று பதில் அனுப்பாமல் மோட்டார் எடுக்காது. முறை மாறும்போது அடுத்த வால்வு திறந்த பதில் வந்த பிறகே முந்தையது மூடுகிறது. மெயின் லைன் வெடிக்கும் பேச்சே இல்லை. டைம் டேபிள் கேட்வேயிலேயே பதிந்திருப்பதால் செல்போன் டவர் படுத்தாலும் தண்ணி முறை நிற்பதில்லை, ஆப் மட்டும்தான் வேலை செய்யாது.

ஆனால் அந்தப் பதிலின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். சாலினாய்டுக்கு (வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு) ஒரு துடிப்பு கரண்ட் கொடுத்தேன் என்றுதான் வால்வு சொல்கிறது, தண்ணி போகிறது என்று அல்ல. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரமில் மணல் சிக்கி ஒரு வரிசை முழுக்கக் காய்ந்தபோதும் ஆப்பில் பச்சைதான் எரிந்தது. மெயின் லைனில் பிரஷர் சென்சார் வைத்தால் இது பிடிபடும், அணில் ட்யூபைக் கடித்து வைத்தாலும் ஓரளவு தெரியும். அதைத் தனி விலைக்கு விற்கிறார்கள். பேரம் பேசும்போதே அதைச் செட்டோடு சேர்த்துக் கேளுங்கள். ஏடிஆரை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். லித்தியம் செல் உள்ளூர்க் கடையில் கிடைப்பதில்லை, நான் கோவையிலிருந்துதான் வரவழைக்கிறேன், அதனால் கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.