கார் வயிற்றில் மனை விளம்பரம்: மைலேஜ் கூடும் என்று நம்பி 14,500 ரூபாய் விட்ட கதை

குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்குத் தினமும் காரில் போய்வருகிறவன் நான். தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பல்லாவரம், மீனம்பாக்கம், கத்திப்பாரா என்று நின்று நின்று போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 14 வரும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து அந்த 14 என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

வெளிநாட்டில் சிலர் வீட்டு வாசலிலேயே அட்டை, டேப், ஸ்க்ரூ வைத்துக்கொண்டு முன் கிரில்லை அடைப்பார்கள், காரின் அடிப்பக்கத்தை மூடுவார்கள், சக்கரத்துக்குத் தட்டையான மூடி போடுவார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. இது வெறும் புரளி இல்லை. 1999இல் வந்த ஹோண்டா இன்சைட்டில் பின்சக்கரங்களின் மேல்பாதியைக் கம்பெனியே மூடித்தான் விற்றது. காற்று சுழன்று இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நானே செய்து பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காருக்கு அடியில் மல்லாந்து படுக்க என் முதுகு சம்மதிக்கவில்லை. அப்போது கண்ணில் பட்டது, இதையெல்லாம் மாட்டித் தரும் ஒரு கடை. பெயர் போடவில்லை. கடைக்காரரைவிட அவர் செய்த வித்தை உங்களுக்குத் தெரிவதுதான் முக்கியம்.

கிரில் அடைப்பு, அடித்தட்டு, நான்கு சக்கர மூடி, பின்னால் ஒரு ஸ்பாய்லர். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். “அஞ்சு கிலோமீட்டர் கூடலைன்னா காசு வாபஸ் சார்” என்றார். பில் கேட்டதற்குத் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார். நானும் பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது கடை பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு. அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

வண்டியை டெலிவரி கொடுத்த விதம்தான் இதில் கலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். ஏசியை அணைத்தார், ஓஎம்ஆரில் ஏறினார், ஐந்தாவது கியரில் அறுபதைப் பிடித்தார். வண்டி சீராக ஓட ஆரம்பித்த பிறகு மீட்டரில் இருக்கும் சராசரி மைலேஜை ரீசெட் செய்தார். நான்கு கிலோமீட்டர் போனதும் 23.4 காட்டியது. “பாத்தீங்களா சார்?” பார்த்தேன். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து கிண்டி. மே மாதம். மீனம்பாக்கம் சிக்னலில் நின்றால் ஏசியில் வெறும் காற்றுதான் வந்தது. கிரில்லுக்குப் பின்னால் முதலில் இருப்பது ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், அதற்கும் பின்னால் என்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர். இரண்டுக்கும் மூச்சு அந்த வழியாகத்தான், அதைத்தான் காசு கொடுத்து அடைத்து வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் கத்தியது. ஒருநாள் கத்திப்பாராவில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போகும்போது ஓரம் கட்டி நின்றேன். போதாக்குறைக்கு ஒவ்வொரு வேகத்தடையிலும் அடித்தட்டு ‘கர்ர்’ என்று தேய்ந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். 13.6. இருந்ததும் போயிற்று.

கடைக்குப் போனால், “உங்க கால் கனமா இருக்கு சார், ஆக்ஸிலேட்டரை மெதுவா மிதிக்கணும்” என்கிறார். இருபது வருடமாக ஓட்டுகிற கால் திடீரென்று கனத்துவிட்டதாம்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல ஒன்பது மடங்கு 90இல் இருக்கும். என்னுடையது மாதிரி சின்ன காரில் 30இல் போகும்போது காற்று பிடித்து இழுப்பது, டயர் உருளும்போது இழப்பதில் கால்வாசிதான். மற்றபடி பெட்ரோல் போவதெல்லாம் பிரேக்கிலும், சிக்னலில் சும்மா ஓடும் என்ஜினிலும், ஏசியிலும். அதை எந்த அட்டையும் மூடாது. வாரா வாரம் திருச்சிக்கு நூறில் போகிறவர் என்றால் ஒழுங்காகச் செய்த அடித்தட்டால் கொஞ்சம் பலன் உண்டு. அவர்கூட முதலில் கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றட்டும், அதற்குக் காசே வேண்டாம்.

கடைசியில் பயமுறுத்தியது மழை. பெருங்களத்தூர் தாண்டி ஒரு பெரிய மழையில் தண்ணீர் அடித்து அடித்தட்டின் ஒரு முனை கழன்று ரோட்டில் தட்தட்டென்று அடித்தது. பின்னால் வந்த பைக்காரர் தடுமாறிச் சமாளித்தார், அப்புறம் என்னைத் திட்டினார். திட்டட்டும், நியாயம்தான். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினால் இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, சைலன்சர் பைப்புக்கு அருகில் தட்டு உருகிக் கருகியிருந்தது. “தீப்பிடிச்சிருந்தா என்ன சார் பண்ணுவீங்க?” என்றார் அண்ணன். இரண்டாவது, அது விளம்பரப் பலகை செய்யும் பிளாஸ்டிக் அட்டை, அதுவும் பழையது. உள்பக்கம் திருப்பினால் பாதி வீடும், ஒரு தென்னை மரமும், ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற எழுத்தும்! யாரோ தூக்கிப் போட்ட போர்டைச் சுமந்துகொண்டு இவ்வளவு நாள் ஆபீஸ் போயிருக்கிறேன்.

டயரையும் அண்ணன்தான் பார்த்தார். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 33 என்று இருக்கிறது. நான்கிலும் 40க்கு மேல். நானும் கடையிலிருந்து வண்டியை எடுத்த நாள் முதல் காற்றே பார்த்திருக்கவில்லை. ஓஎம்ஆர் வித்தையில் இதற்கும் பங்கு உண்டு. காற்று அதிகமாக அடித்தால் டயர் லேசாக உருளும், ஆனால் ரோட்டில் பிடிமானம் குறையும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காற்றை 33க்கு இறக்கி, அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானே அதே ரோட்டில் ஏசி இல்லாமல் அறுபதில் போய் ரீசெட் செய்து பார்த்தேன். 22.8. கிட் எதுவும் இல்லாமல். அந்த மீட்டர் அப்படி ஓட்டினால் எப்போதும் அதைத்தான் காட்டும்போல.

1915க்கு, அதாவது நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அந்த விசிட்டிங் கார்டும்தான். பணம் திரும்பும் என்று பெரிய நம்பிக்கை இல்லை.

ஏற்கெனவே இப்படி அடித்தட்டு மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே சைலன்சர் பக்கம் குனிந்து ஒரு தடவை பாருங்கள். கழற்ற அண்ணன் வாங்கியது 400 ரூபாய், அரை மணி நேர வேலை.