புது ஜெனரேட்டரா, மொட்டைமாடி சோலாரா?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் அடுக்ககத்தின் பழைய ஜெனரேட்டர் அடிக்கடி மக்கர் செய்யத் தொடங்கியதும் அசோசியேஷனில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. இதைவிடப் பெரிய டீசல் ஜெனரேட்டர் வாங்கலாம் என்றது ஒரு பக்கம். பழையதை ரிப்பேர் பார்த்து லிஃப்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தில் மாடியில் 10 கிலோவாட் சோலார் போடலாம் என்றது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். அதைத்தான் போட்டோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல. பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, இணைத்த சோலார், கரென்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரே அப்படி அணைந்துகொள்ளும். ஆக, மின்வெட்டு நேரத்துக்கு ஜெனரேட்டர்தான்; சோலார் கரென்ட் பில்லைக் குறைக்க.

செலவில் பெரிய வாதம் தேவையில்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட் கிடைக்கும்; லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே யூனிட் 30 ரூபாய். சோலாருக்கு எரிபொருள் செலவே இல்லை. பொதுப் பயன்பாட்டுக்கு என்றால் மத்திய அரசின் மொட்டைமாடி சோலார் திட்டமான பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. சம்ப் மோட்டாரையும் போர்வெல் மோட்டாரையும் பகலில் ஓடும்படி மாற்றிவிட்டால், மாடியில் உற்பத்தியாவதில் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும்.

“நாம நாலு பேனல் வெச்சா உலகச் சூடு குறைஞ்சிடுமா சார்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கும் இதே மாநிலத்தில்தான் ராய்ச்சூரிலும் பல்லாரியிலும் நிலக்கரி எரிகிறது. நாடு முழுவதும் பார்த்தால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான். கிரிட் மின்சாரம் யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், 10 கிலோவாட் தரும் ஏறத்தாழ 14,000 யூனிட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 டன் குறையும். நாட்டுக்கு அது தூசு. ஆனால் எதை எரிப்பது என்று நாமே முடிவெடுக்க முடிகிற இடம் இந்த மாடி மட்டும்தான். 2024 கோடையில் 38 டிகிரியைத் தாண்டிய வெயிலையும் வற்றிய போர்வெல்லையும் பார்த்த பிறகு இதை விளையாட்டுப் பேச்சாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. ஜெனரேட்டர் ஓடாமல் கிடந்தாலும் செலவு வைக்கும். ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், ஸ்டார்ட்டர் பேட்டரி செத்துப்போகும், வாரம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்கு ஓடவும் ஆள் வேண்டும்.

சோலாருக்கு வேண்டியது தண்ணீரும் துடைப்பானும்தான். ஆனால் அதையும் யாராவது செய்தாக வேண்டும். அலட்சியம் செய்த மாடிகளில் எதிர்பார்த்த அளவு பில் குறையாது. லேசான தூறல் விழுந்தால் தூசு வழிந்து, பேனலின் கீழ்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சேறாகக் காய்ந்துவிடும். அந்தப் பட்டை ஒன்றே கீழ்வரிசைச் செல்களை மறைத்து உற்பத்தியை இழுத்துவிடும். போர்வெல் தண்ணீரால் கழுவினால் உப்புக்கறை வெள்ளையாகப் படியும். நாங்கள் காவிரித் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். வெயில் ஏறுவதற்குள் கழுவிவிட வேண்டும், சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம் புறாக்கள். பேனலுக்கு அடியில் வலை கட்டாவிட்டால் கூடு கட்டிவிடும்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பாருங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் வடக்கே நீளும். ஏப்ரலில் அளந்து பேனல் வைத்தால் மார்கழியில் ஒரு வரிசை இருட்டிவிடும்.

எங்கள் பேனல்கள் இன்னும் புதிது. 25 ஆண்டு வாரண்டி என்று தாளில் இருக்கிறது. பத்தாண்டு ஓடியவர்கள் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. நடுவில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற நேரும் என்று கணக்குப் போட்டு, மாதப் பராமரிப்புத் தொகையிலேயே கொஞ்சம் ஒதுக்கி வருகிறோம். மொட்டைமாடி உரிமை பில்டரிடமே இருக்கும் கட்டடம் என்றால், கொட்டேஷன் வாங்குவதற்கு முன் அந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்.