வேலூர் நாள் வாடகைக் கார்: மகேந்திரவாடி, மேல்பாடி, வள்ளிமலைக்கு எப்படிப் பேசிப் பிடிப்பது

சவூதியில் வேலை பார்க்கும் வேலூர்க்காரர்கள் பலர் லீவு கிடைத்தால் அல் உலா போய் ஹெக்ராவில் பாறையைக் குடைந்த கல்லறைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அங்கோர் வாட் பக்கம். ஊருக்கு வந்தால் மட்டும் கோட்டை, ஸ்ரீபுரம், ஏலகிரி என்று மூன்றோடு லீவு தீர்ந்துவிடுகிறது. ஹெக்ரா மணற்கல்; கருங்கல்லில் அதே வேலையைச் செய்து காட்டிய பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் மகேந்திரவாடிக் குடைவரை வேலூரிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பிப் போவது உண்மையிலேயே நஷ்டம்.

மகேந்திரவாடி, மேல்பாடி, வள்ளிமலை, திருவல்லம் என்ற இந்தச் சுற்றுக்கு டிரைவரோடு வரும் நாள் வாடகைக் கார்தான் சரி. டவுன் பஸ் எல்லா ஊருக்கும் உண்டு, ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு மேல் முடியாது. செல்ஃப் டிரைவ் எடுக்கலாம் என்றால் இந்திய லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பல வருடம் இருப்பவர்களுக்கு அங்கேதான் சிக்கல். வேலூர் டிராவல்ஸ்காரர்களின் சேவைக்கு மொத்தமாக ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். வண்டி சுத்தம், டிரைவர்கள் நிதானம், நேரத்துக்கு வருகிறார்கள். குறையும் அந்த ஒரு மதிப்பெண் பேக்கேஜ் விற்கும் முறைக்காக.

போனில் "வள்ளிமலை, சோளிங்கர் பக்கம் போகணும்" என்றால் போதும், வெளியூர் ரேட் போட்டுவிடுவார்கள். வெளியூர் ரேட் என்றால் நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, அதற்கு மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி. ஆனால் கீழே சொல்லும் சுற்று 150 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஓடாத 100 கிலோமீட்டருக்குக் காசு எதற்கு? 10 மணி நேரம், 100 கிலோமீட்டர் லோக்கல் பேக்கேஜ் கேளுங்கள்; மிச்சத்துக்குக் கூடுதல் கிலோமீட்டர் ரேட் என்ன, கூடுதல் மணி நேரத்துக்கு என்ன என்று இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் இது குறைவாகவே வரும். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

அடுத்து, ஷெட் டு ஷெட் கணக்கு. மீட்டர் உங்கள் வீட்டு வாசலில் ஆரம்பிக்காது, வண்டி நிற்கும் ஷெட்டில் ஆரம்பித்து ஷெட்டில் முடியும். டிராவல்ஸ் காட்பாடியிலும் உங்கள் வீடு பாகாயத்திலும் இருந்தால் அந்தத் தூரமும் நேரமும் உங்கள் கணக்கில். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் உள்ளவரைப் பிடியுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் கடைசியில் பேச்சுக்கு இடமில்லை. நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். நாலு பேருக்குள் என்றால் செடான் போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் மட்டும் இன்னோவா. பணத்தை ரொக்கமாக வைத்திருங்கள். என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) கணக்கோடு இணைக்காத வெளிநாட்டு நம்பரில் யுபிஐ ஓடாது.

இனி பாதை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரைவரிடம் விட்டால் பக்கத்தில் இருப்பதை முதலில் காட்டுவார்: திருவல்லம், வள்ளிமலை, மேல்பாடி, கடைசியாக மகேந்திரவாடி. அப்படிப் போனால் வள்ளிமலைப் பாறையில் உச்சி வெயிலில் ஏற வேண்டும், மகேந்திரவாடிக்குப் போகும்போது குடைவரை இருட்டிவிடும். சுற்றை அப்படியே திருப்புங்கள்.

காலை 7.30க்குக் கிளம்பி வாலாஜா வழியாக மகேந்திரவாடி, 9 மணிக்கு. குடைவரை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேரே உள்ளே விழும். தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து செய்தது இது. தூண் கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். கல்வெட்டும் தூணில்தான் இருக்கிறது, பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதச் செய்யுளாக. குணபரன் என்ற பட்டப்பெயரோடு அரசன், மகேந்திரபுரம் என்ற ஊர், மகேந்திர தடாகம் என்ற ஏரி, மகேந்திர விஷ்ணு கிருகம் என்ற இந்தக் கோயில், நான்கும் அதில் வருகின்றன. எழுத்தை நேருக்கு நேர் நின்று பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தும் எழும்பி நிற்கும். கல்லின் மேல் சாக்பீஸ், மாவு எதையும் தடவவே கூடாது. பிறகு ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கோயிலுக்கும் ஏரிக்கும் ஏன் ஒரே பெயர் என்பது அங்கே புரியும்.

அங்கிருந்து சோளிங்கர், பொன்னை வழியாக மேல்பாடிக்கு 11 மணிக்குள் வந்துவிட வேண்டும். கோயில் நடை 12 மணி வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். மேப்பில் தேடும்போது விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காட்பாடி வட்டம், பொன்னை ஆற்றங்கரை என்று பார்த்து உறுதி செய்யுங்கள். இங்கே சோமநாதேஸ்வரர் கோயில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று, அரிஞ்சிகை ஈஸ்வரம். வந்த காரியமே அந்தச் சின்னதுதான். ஆற்றூரில் இறந்த தன் பாட்டனார் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில், அது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் தாத்தாவுக்கு எவ்வளவு அடக்கமாக ஒன்றைக் கட்டியிருக்கிறான் என்று பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. தொல்லியல் துறை இடம். கம்பிக் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், அக்கம்பக்கத்தில் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். டிரைவர் பேசினால் காரியம் சீக்கிரம் நடக்கும். இந்த விஷயத்தில் உள்ளூர் டிரைவருக்கு ஈடே இல்லை.

மேல்பாடியில் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொள்வது உத்தமம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். டிரைவருக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

வள்ளிமலை 3 மணிக்கு மேல். முருகன் கோயிலுக்கு எல்லாரும் வழி சொல்வார்கள், சமணச் சிற்பங்களுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். "சமணர் குகை" என்றால் காட்டுவார்கள். பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள், இயக்கியர் (சமணப் பெண் காவல் தெய்வங்கள்) வரிசையாகப் புடைப்பாக இருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் பெயரும் அச்சணந்தி என்ற துறவியின் பெயரும் கல்லில் உண்டு, 9ஆம் நூற்றாண்டு. குரங்குத் தொல்லை அதிகம். பிளாஸ்டிக் கவரைக் கையில் பிடித்தால் பிடுங்கிவிடும், சாப்பாட்டுப் பையைக் காரிலேயே விடுங்கள். வெறுங்காலில் பாறை சுடும், கோயில் எல்லை வரை செருப்பு இருக்கட்டும்.

திரும்பும் வழியில் 5.30க்குத் திருவல்லம். ஞானசம்பந்தர் பாடிய தலம். இங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் முதுகு காட்டி வெளியே பார்க்கிறது. வாண மன்னர்களின் கல்வெட்டுகள் நிறைய. விளக்கு போட்ட பிறகு பார்க்கவும் நன்றாக இருக்கும்.

விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையை இதே நாளில் திணிக்க வேண்டாம். அது ஆற்காட்டோடு சேர்ந்த அரை நாள்: சமணக் குடைவரை, பிறகு பாலாற்றங்கரையில் டெல்லி கேட், வரும் வழியில் ஆற்காடு மக்கன் பேடா. பஞ்சபாண்டவர் மலை என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல குன்றுகள் இருப்பதால் டிரைவரிடம் விளாப்பாக்கம் என்றே சொல்லுங்கள். விரிஞ்சிபுரத்துக்குக் கார் வாடகையே தேவையில்லை, 13 கிலோமீட்டர்தான், பஸ் போதும். அங்கே நேரம் காட்டும் கல்லைத் தவறவிடாதீர்கள்.

இந்தச் சுற்றில் சேராத, அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. திரும்பிப் போகும் விமானம் இரவில் என்றால், சென்னை விமான நிலையம் விடும் வண்டிக்கு எப்படியும் 250 கிலோமீட்டர் மினிமம் கட்டுகிறீர்கள். போகவர தூரமே அதை எட்டிவிடும். காலையிலேயே கிளம்பி அரக்கோணம் பக்கம் திரும்பினால் கூடுவது கொஞ்சம் கிலோமீட்டர்தான். 949இல் இங்கே நடந்த போரில்தான் யானை மேலிருந்த சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தான். மேல்பாடியில் பள்ளிப்படை கொண்ட அரிஞ்சயனுக்கு அண்ணன். ஜலநாதேஸ்வரர் கோயிலையும் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். பகல் விமானம் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

தேதி குறிக்கும்போது பௌர்ணமியைத் தவிருங்கள். வேலூர் வண்டிகளில் பாதி திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போய்விடும், கிடைப்பதும் ரேட் ஏறித்தான் கிடைக்கும். ஆடிக் கிருத்திகையில் வள்ளிமலை முழுக்கக் காவடிக் கூட்டம், சிற்பங்களைப் பார்க்க முடியாது. டிசம்பர், ஜனவரி லீவுக்கு வருபவர்கள் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்து, முதல் நாள் மாலை டிரைவர் நம்பரை வாங்கி ஊர்ப் பெயர்களை வரிசைப்படி தமிழிலேயே அனுப்பிவிடுங்கள்.