கண் சதை அறுவைக்கு முன் கண்ணீர்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் மாமனாருக்கு, வலக்கண்ணில் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சிறிதாகச் சதை வளர்ந்திருந்தது. வெயிலிலும் தூசியிலும் உழைப்பவர்களுக்கு அதிகம் வரும் டெரிஜியம்தான் அது, புற்றுநோய் அல்ல. பார்வை நன்றாகவே இருந்தது. மண் விழுந்தாற்போன்ற உறுத்தலும் எரிச்சலுமே அவருடைய தொல்லை. இங்குள்ள தனியார் கண் மருத்துவமனை ஒன்றில், சதையை எடுத்தால் எரிச்சல் அடியோடு நிற்கும், விட்டால் பார்வை போய்விடும் என்று பயமுறுத்தி, மறுநாளே அறுவையை முடித்துவிட்டார்கள்.

எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. சில மாதங்களில் சதையும் முன்பைவிடத் தடித்துச் சிவந்து மீண்டும் வளர்ந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வெயிலில் சுற்றியிருப்பீர்கள் பெரியவரே" என்று பழியை அவர் மேலேயே போட்டு, மறு அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள்.

தருமபுரியில் நாங்கள் பார்த்த வேறொரு மருத்துவர், கீழிமைக்குள் மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டிய பட்டை 4 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. சதையே இல்லாத இடக்கண்ணிலும் ஏறக்குறைய அதே கதைதான். மேடான சதையின் மீது கண்ணீர் சீராகப் பரவாது என்பதால் அறுவைக்குப் பின் சிலருக்கு வறட்சி குறைவதுண்டு. ஆனால் கண்ணீரே போதிய அளவு சுரக்காதவருக்குச் சதையை வெட்டினால் மட்டும் எரிச்சல் தீராது என்றார். இந்த எளிய சோதனையை முதலில் போன மருத்துவமனையில் செய்யவே இல்லை.

அடுத்தது பணம். சதையை எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் அது மீண்டும் வளரும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் அதே கண்ணின் மேற்புறத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, தையலாலோ பசையாலோ அங்கே ஒட்டுவார்கள். எங்கள் பில்லில் பசைக்கெனத் தனித்தொகை இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டிலோ சதை அகற்றப்பட்டது என்ற ஒரே வரிதான். ஒட்டியதற்கான அடையாளம் கண்ணிலும் இல்லை என்றார் இந்த மருத்துவர். விளக்கம் கேட்டு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே, சதை கருவிழியில் எவ்வளவு தூரம் ஏறியுள்ளது, கண்ணீர் அளக்கப்பட்டதா, சவ்வு ஒட்டுவார்களா என்பவற்றைச் சீட்டில் எழுதி வாங்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். பிறகு தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்தும் என்பதால், அதை எப்போது அளப்பார்கள் என்றும் கேளுங்கள். மாமனாருக்கு இப்போது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் வெயில் கண்ணாடியும்தான் சிகிச்சை. வறட்சி கட்டுப்பட்ட பிறகே மறு அறுவையைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.