முதல் ஷாட்கன்: பம்ப்பா, செமி ஆட்டோவா, இரட்டைக் குழலா?

டெக்சஸுக்குக் குடிவந்த நம்மவர்கள் முதலில் வீடு வாங்குகிறார்கள், அப்புறம் ஒரு பிக்கப். சில வருடம் கழித்து ஆபீஸில் யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கிளே (வானத்தில் வீசப்படும் தட்டு) சுட அழைத்துப் போகிறார். ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று வானத்தில் பொடிப்பொடியாகச் சிதறுவதைப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த வாரமே ஷாட்கன் (சிறு குண்டுகளைக் கொத்தாகச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப், தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ, இரட்டைக் குழல் என்று மூன்று வகையையும் சுட்டுப் பார்த்துவிட்டு, வாயுவில் (கேஸ்) இயங்கும் 20 கேஜ் செமி ஆட்டோ ஒன்றை வாங்கினோம், பெரெட்டா ஏ300 அல்டிமா. கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி வருவதை அதற்கேற்பத் தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் காவலுக்கு எது நல்லது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கிளே சுடுவதற்கு, புதிதாகத் தொடங்குபவருக்கு எது சரி என்பதுதான் பேச்சு.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்பிஐ பின்னணிச் சோதனை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வரலாம். டெக்சஸில் ஷாட்கன் வாங்கத் தனி மாநில உரிமம் கிடையாது. எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் இதில் விளையாட வேண்டாம், வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்து கேஜ், அதாவது குழலின் அகலத்தைக் குறிக்கும் எண். எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். 12 கேஜின் துளை சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜினுடையது 15.6. 12 கேஜ் தோட்டா எங்கும் கிடைக்கும், ரகமும் அதிகம். 20 கேஜில் சாதாரண கிளே தோட்டாவுக்குள் சுமார் 25 கிராம் ஈயக் குண்டுகள்தான் இருக்கும் என்பதால் உதை குறைவு. ஒன்றே ஒன்று: இரண்டு கேஜ் தோட்டாக்களையும் ஒரே பையில் போடவே கூடாது. 12 கேஜ் துப்பாக்கியில் 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும். காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மட்டும் மஞ்சள் நிறத்தை ஒதுக்கி வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, பம்ப். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். ரெமிங்டன் 870 வந்தது 1950இல், மாஸ்பெர்க் 500 வந்தது 1960களின் தொடக்கத்தில். இரண்டுமே கோடிக் கணக்கைத் தொட்டவை. மாஸ்பெர்க்கின் மலிவு ரகமான மேவரிக் 88 நம்ம டெக்சஸ் ஈகிள் பாஸில் உருவாவது, 300 டாலருக்குள்ளேயே பார்க்கலாம். அதற்குப் பொருந்தும் எந்தத் தோட்டாவைப் போட்டாலும் சுடும், கழற்றி மாட்டுவது சுலபம், எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும். இடதுகைக்காரருக்கு மாஸ்பெர்க் 500 தனி வசதி, சேஃப்டி மேலே கட்டைவிரல் படும் இடத்தில் நடுவாக இருக்கிறது.

குறை என்று பார்த்தால், ஒவ்வொரு தடவையும் முன்கைப்பிடியை முழுதாகப் பின்னால் இழுத்து முழுதாக முன்னால் தள்ள வேண்டும். புதியவர்கள் அரைகுறையாக இழுப்பார்கள், காலித் தோட்டா பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்கீட் என்ற கிளே ஆட்டத்தில் இரண்டு தட்டு ஒரே நேரத்தில் கிளம்பும் நிலைகள் உண்டு. முதல் தட்டைச் சுட்டுவிட்டுப் பம்ப்பை இழுக்கும்போது குழல் ஆடும், கன்னம் கட்டையிலிருந்து (தோளில் வைக்கும் பின்பாகம்) எழும்பும், அதற்குள் இரண்டாவது தட்டு போயே போய்விடும். பழகினவர்கள் இதைக் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பழகும் வரை தட்டைப் பார்க்க வேண்டிய கவனம் கையில்தான் இருக்கும்.

இவ்வளவும் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது வேறு: துப்பாக்கி உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது.

ஷாட்கனில் குறிபார்க்கப் பின்னால் இருக்கும் பின் குறி பொதுவாகக் கிடையாது, சுடுபவரின் கண்தான் பின் குறி. கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ, குண்டு அதற்கேற்பத்தான் போகும். கண் இருக்கும் இடம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தவறினால், 16 கஜத்தில் குண்டு விழும் இடம் ஒரு அங்குலம் தள்ளும் என்று இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். 16 கஜம்தான் டிராப் என்ற கிளே ஆட்டத்தில் நின்று சுடும் இடம். தட்டு அங்கிருந்து இன்னும் தூரம் போயே உடைகிறது, ஆகவே பிசகும் அந்த அளவுக்குக் கூடும்.

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம், கடையில் நிற்கும் பெரும்பாலான துப்பாக்கிகளில் 14 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடி ஆளுக்கு அது சரி. நான் ஐந்தடி ஐந்தங்குலம், மனைவி ஐந்தடி ஒரு அங்குலம். அந்த நீளத்தைத் தோளுக்கு ஏற்றும்போது கட்டை அக்குளுக்குப் பக்கத்தில் சட்டையில் மாட்டும். எப்படியோ ஏற்றிவிட்டால் உடம்பு பின்னால் சாயும், இடது கை முழுக்க நீண்டுவிடும், கட்டை தோள் குழியில் உட்காராமல் புஜத்து எலும்பில் உட்காரும். அங்கேதான் நீலம் பாய்கிறது. 12 கேஜின் உதை தாங்கவில்லை என்று புதியவர்கள் சொல்லும் புகாரில் பாதி, உண்மையில் கட்டை நீளத்தைப் பற்றிய புகார்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். துப்பாக்கி காலியா என்று நீங்களே திறந்து பாருங்கள், பாதுகாப்பான திசை எது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றுங்கள். கன்னத்தைச் சௌகரியமாகச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை கண்ணுக்கு நேராக ஒரு கோடாகத் தெரிய வேண்டும். பட்டை முழுவதும் மேடை மாதிரி விரிந்து தெரிந்தால் கண் உயரமாக இருக்கிறது. துப்பாக்கியின் பின்பாகம் மட்டுமே தெரிந்தால் கண் தாழ்ந்துவிட்டது. அப்புறம், பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சுடும்போது விரல் மூக்கில் குத்தும், ரொம்பக் கூடினால் கட்டை நீளம். ஜனவரியில் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏற்றினால் அதே துப்பாக்கி இன்னும் நீளமாகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வலதுகைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருப்பது அபூர்வமல்ல.

இந்த விஷயத்தில்தான் செமி ஆட்டோ பக்கம் தராசு சாய்ந்தது. பெரெட்டா மாதிரியானவற்றோடு பெட்டியிலேயே மெல்லிய ஷிம் தகடுகள் வருகின்றன. கட்டைக்கும் உடலுக்கும் நடுவே தகட்டை மாற்றிப் போட்டால் கட்டையை மேலும் கீழும், இடமும் வலமும் சின்னச் சின்னதாக நகர்த்தலாம். பின்முனையில் ஸ்பேசரை (இடைத்துண்டு) எடுத்தும் சேர்த்தும் நீளத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். ஒரே துப்பாக்கியை நாங்கள் இருவரும் சுடுகிறோம், மனைவிக்கு ஏற்றபடி வைத்துவிட்டு நான் கொஞ்சம் ஒத்துப்போகிறேன். பம்ப்பிலும் வழி இருக்கிறது: மாஸ்பெர்க் 500 சூப்பர் பேண்டமில் நீளத்தை 12 அங்குலத்திலிருந்து 13 வரை மாற்றலாம். பிள்ளைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் அது அருமையான துப்பாக்கி. ஆனால் எடை குறைந்த துப்பாக்கி கூடுதலாக உதைக்கும், பம்ப்பில் அந்த உதை முழுசும் தோளுக்குத்தான் வந்து சேரும்.

கேஸ் இயக்கத்தில் அப்படியில்லை. குழலில் இருக்கும் சின்னத் துளை வழியாக வாயுவில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளி, அதுவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அந்த வேலைக்கு நேரம் பிடிப்பதால் உதை ஒரே குத்தாக விழாமல் ஒரு தள்ளாக வருகிறது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 பெயர் வாங்கியதே இந்த மென்மையால்தான். ஒரு டிராப் சுற்றுக்கு 25 தட்டு, ஒரு பெட்டித் தோட்டா. ஒரே நாளில் நாலு சுற்று போனால் தோள் நூறு உதை வாங்குகிறது. மூன்றாவது சுற்றில் விசையை அழுத்தும் முன்பே கண் சிமிட்டத் தொடங்கினால் அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது பெரும்பாடு. புதியவருக்கு உதை குறைவது சொகுசு இல்லை, கற்றுக்கொள்வதற்கே தேவை.

இதற்கு விலை உண்டு. டாலர் கணக்கில் பம்ப்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு, அதோடு துடைக்கும் வேலை. சுட்டு வந்ததும் முன்கைப்பிடியைக் கழற்றினால் பிஸ்டன் மேல் கரி படிந்திருக்கும். பிரஷ், கரைப்பான், பழைய பனியன் துணி, கடைசியில் எண்ணெய் ஒரு பூச்சு. எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது, கரியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும். பம்ப் வைத்திருப்பவர் இதே நேரத்தில் குழலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். வாயு இல்லாமல் உதையின் வேகத்திலேயே இயங்கும் பெனெல்லி வகையில் கரித் தொல்லை குறைவு, ஆனால் உதை கொஞ்சம் கூடுதல். அதை நான் கடன் வாங்கிச் சுட்டதோடு சரி, வைத்துப் பராமரித்ததில்லை. டிராப் வரிசையில் இன்னொரு சங்கடம்: செமி ஆட்டோ காலித் தோட்டாவைப் பக்கத்தில் நிற்பவர் மேல் வீசும். அதைப் பிடிக்க ஒரு சின்னக் கிளிப் கிடைக்கும், வாங்கி மாட்டிவிடுங்கள்.

மேல் கீழாக இரட்டைக் குழல் வைத்தது கிளே மைதானத்தின் ராஜா. மடக்கித் திறந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தால், காலி என்பது தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். இரண்டு குழலுக்கும் வேறு வேறு சோக் (குண்டுகள் விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) போடலாம். கீல் மூட்டில் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான் பராமரிப்பு. பிரவுனிங் சிட்டோரி, பெரெட்டா சில்வர் பிஜன் எல்லாம் 2000 டாலருக்கு மேல் போகும், ஆனால் விற்கும்போது கை கடிக்காது. சில நூறு டாலர் துருக்கி இரட்டைக் குழல்களும் உண்டு. அவை பல ஆயிரம் தோட்டாவுக்கு அப்புறம் எப்படி நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை. வாத்து வேட்டை பற்றியும் என்னைக் கேட்காதீர்கள். வாத்துக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை என்பது வரைதான் தெரியும்.

எதை வாங்கினாலும் பூட்டுப் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கும், கீழே விழுந்தால் வெடிக்காது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. தோட்டா உள்ளே இருக்கும் துப்பாக்கியை வீட்டில் வைக்கவே வேண்டாம். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுடத் தயாரான துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம்.

கையில் 400 டாலர்தான் இருக்கிறது, மாதம் ஒரு தடவைதான் போவேன் என்பவர் கூச்சப்படாமல் 20 கேஜ் பம்ப் வாங்கட்டும், நீளம் மட்டும் பார்த்து. வாராவாரம் போகிறவர், அதுவும் வீட்டில் இரண்டு பேர் சுடுகிறவர்கள் என்றால், இன்னும் சில மாதம் சேர்த்துவைத்துக் கேஸ் செமி ஆட்டோவுக்கே போங்கள். அதுவரை ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கி கிடைக்கும், ஒவ்வொரு வகையிலும் ஒரு சுற்றாவது சுட்டுப் பாருங்கள். மறுநாள் காலை சட்டை போடும்போது தோள் என்ன சொல்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.